சிம்போசியத்தின் விளையாட்டுப் பட்டியலைத் திருத்துங்கள்: புதுவை, கடலூர் கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும், சிம்போசியம் ஒருங்கிணைக்கும் பேராசிரியர்களுக்கும், மாணவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்கள் கல்லூரிகளோடு எனக்கு நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் நீங்கள் சிம்போசியத் துண்டறிக்கையை வெளியிட்ட மறுநாளே அதன் விளைவு என் கடை மேசைக்கு வந்துவிடுகிறது. கட்டுரை வாசிப்பு, வினாடி வினா, நிரலில் பிழை கண்டுபிடிக்கும் போட்டி என்று வரிசையாக அச்சிட்டுவிட்டு, தொழில்நுட்பம் சாராத நிகழ்வுகள் என்ற தலைப்பின் கீழ் ‘கேமிங்’ என்று ஒரு வரி சேர்க்கிறீர்கள். என்னைக் கேட்டால், அந்தத் துண்டறிக்கையிலேயே தொழில்நுட்ப விளைவு மிகுந்த வரி அதுதான்.

அந்த வரியில் நீங்கள் எழுதும் விளையாட்டு எந்த இயங்குதளத்தில் ஓடுமோ, அதைத்தான் பாகூரிலும் வில்லியனூரிலும் பண்ருட்டியிலும் குறிஞ்சிப்பாடியிலும் இருக்கும் பிள்ளைகள் தங்கள் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இயங்குதளப் பாடத்தின் செய்முறை வகுப்பைப் பெரும்பாலும் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸில்தான் நடத்துகிறீர்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் மாணவர், உங்கள் போட்டிக்குப் பயிற்சி எடுப்பதற்காகவே விண்டோஸுக்குத் திரும்புகிறார். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் நீங்களே பிடுங்கிக்கொள்கிறீர்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான்: லினக்ஸில் ஓடாத கணினி விளையாட்டுகளை உங்கள் போட்டிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். விண்டோஸைத் தடை செய்யச் சொல்லவில்லை. இரண்டிலும் ஓடுவதை வையுங்கள் என்கிறேன். கைப்பேசியில் ஆடும் போட்டிகளைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. அவை எப்படியும் நடக்கட்டும்.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன் என்றால், கடைக்கு வரும் கணினிகளின் நிலைமை அப்படி. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். அதுவும் 2026 அக்டோபரோடு முடிகிறது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சில்லு, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அதற்குக் கீழே அதிகாரப்பூர்வமாக இடமில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இருப்பது என்ன? அக்கா படித்து முடித்துவிட்டு விட்டுப்போன ஆறாம் தலைமுறை ஐ5. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய அலுவலகக் கணினி. அதில் ஒரு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, அல்லது கிரிப்டோ சுரங்கத்தில் ஓடி ஓய்ந்து கைமாறி வந்த ஆர்எக்ஸ் 580. இவை எதுவும் பழுதாகவில்லை. நன்றாக ஓடுகிற இயந்திரங்கள். புதிதாக வாங்கிக்கொள்ளலாமே என்பவர்கள் ரேம் விலையைப் பார்க்கட்டும்: செயற்கை நுண்ணறிவு மையங்கள் உலகத்து ரேமையெல்லாம் வாரிக்கொண்டு போவதால், 2025-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து ஏறிய விலை சாதாரணமானதல்ல.

இந்த நிலையில்தான் மாணவர் வந்து நிற்கிறார். “அண்ணா, இதில் வேலரண்ட் ஓடுமா?” வேலரண்ட் என்ற சுடும் விளையாட்டின் பெயர் போட்ட துண்டறிக்கை கையிலேயே இருக்கும். டிபிஎம் சோதனையைத் தந்திரமாகத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத்தரும் வழி எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் வேலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரலான வான்கார்டு, விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-வும், கணினி தொடங்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் இருக்கிறதா என்று தானே தனியாகச் சோதிக்கிறது. இல்லையென்றால் 9001 என்று பிழை எண் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ஆகவே பிள்ளை பழைய விண்டோஸ் 10-லேயே இருந்துவிடுகிறார், திருத்தம் எதுவும் வராத விண்டோஸில். அதற்கும் உரிமம் கிடையாது. உரிமத்தை உடைக்கும் சிறு நிரல் ஒன்றை எங்கிருந்தோ இறக்கியிருப்பார். ‘முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடு’ என்று சொல்லித்தான் அந்த நிரல் வேலையையே தொடங்கும். அணைத்த பிறகு அது வேறு என்னென்ன செய்தது என்பது சில வாரம் கழித்துத் தெரியவரும்: விளையாட்டு வாங்கும் ஸ்டீம் கணக்கு போய்விட்டது, இன்ஸ்டாகிராம் கணக்கு போய்விட்டது, அப்பாவின் மின்னஞ்சலிலிருந்து யார் யாருக்கோ கடிதம் போகிறது.

இயங்குதளம் எது என்பதை விளையாட்டுதான் முடிவு செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது, இந்திய மொழிகளுக்கான வசதிகளோடு. லினக்ஸ் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அரசுச் செலவில் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த பிறகு? பள்ளிப் பிள்ளைகள் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்து முதலில் கேட்டது, அந்த பாஸை நீக்கி அது பிடித்திருக்கும் இடத்தையும் விண்டோஸுக்கே கொடுத்துவிடச் சொல்லித்தான். காரணம் கேட்டால் கொள்கை ஏதும் சொல்ல மாட்டார்கள். வைஸ் சிட்டி விளையாட்டு ஓடவில்லை, அவ்வளவுதான். அன்று அவர்கள் சொன்னது நியாயம். ஆட ஒன்றும் இல்லாத கணினியைப் பதினேழு வயதில் யார் வைத்துக்கொள்வார்கள்? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளே கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்துகின்றன. பள்ளிகளின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் அந்த அரசின் கைட் அமைப்பு தனக்கென ஒரு லினக்ஸ் பதிப்பே வைத்திருக்கிறது. நம் மாஹேக்காரர்கள் எல்லை தாண்டினால் பார்க்கலாம். அங்கேயும் வீட்டுக் கணினி வேறு கதை என்றுதான் கேள்விப்படுகிறேன்.

அந்தக் காலம் போய்விட்டது என்பதுதான் உங்களுக்குச் சொல்ல வந்தது. 2012-இல், ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், விண்டோஸ் 8 கணினித் துறையில் எல்லோருக்கும் பேரிடர் என்று பேசினார். விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் சொந்தக் கடை திறந்துவிட்டால் தன் ஸ்டீம் கடை என்னவாகும் என்ற கவலை அதில் இருந்தது. வணிகக் கணக்குதான், வேறு ஞானோதயம் எதுவுமில்லை. 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015-இல் ஸ்டீம் மெஷின் என்ற பெட்டிகள் சந்தைக்கு வந்து விற்காமல் போயின. விளையாட்டு நிறுவனங்கள் லினக்ஸுக்கென்று தனிப்பதிப்பு எழுதித் தரும் என்று வால்வ் எதிர்பார்த்தது, பெரும்பாலோர் எழுதவில்லை. எழுதிய சிலரும் பிறகு கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். ஆகவே வால்வ் எதிர்ப்பக்கமாகப் போனது. விண்டோஸுக்கு எழுதியதை மாற்றாமல் அப்படியே லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை 2018 ஆகஸ்டில் வெளியிட்டது.

புரோட்டானின் அடித்தளம் வைன். 1993 முதல் தன்னார்வலர்கள் எழுதிவரும் மென்பொருள். விளையாட்டு விண்டோஸ் முறையில் ‘இந்தக் கோப்பைத் திற’ என்று கேட்கும். வைன் அதை லினக்ஸுக்குப் புரியும் முறையில் கேட்டு வாங்கித் தரும். உள்ளே விண்டோஸ் கிடையாது, போலிக் கணினியும் கிடையாது. ஆகவே வேகம் பெரிதாகக் குறைவதில்லை. கடினமான பகுதி படம் வரைவது. விளையாட்டுகள் விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் முறையில் கட்டளையிடுகின்றன. அவற்றை 2016-இல் வந்த திறந்த தரமான வல்கனுக்கு மாற்றித் தர வேண்டும். பிலிப் ரெபோலே என்ற நிரலாளர், நியர்: ஆட்டோமேட்டா என்னும் விளையாட்டை லினக்ஸில் ஆடிப் பார்க்க ஆசைப்பட்டு டிஎக்ஸ்விகே என்ற மாற்றியை எழுதத் தொடங்கினார். 2018-இல் வால்வ் அவரைத் தனக்காக வேலை செய்ய வைத்துக்கொண்டது. இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று புலம்பும் மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். வருகைப்பதிவு மேலாண்மை மென்பொருளைத் தவிரவும் உலகில் எழுத வேண்டியவை இருக்கின்றன.

2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வந்தது. உள்ளே ஆர்ச் லினக்ஸ். வாங்கியவர்களில் பலருக்கு அது லினக்ஸ் என்பதே தெரியாது. அந்தக் கருவிக்காக நடந்த வேலையெல்லாம் நம் மேசைக் கணினிக்கும் இலவசமாக வந்து சேர்ந்தது. ஸ்டீம் கணக்கெடுப்பில் பல ஆண்டுகளாக ஒரு விழுக்காட்டை ஒட்டியே கிடந்த லினக்ஸ், 2025 அக்டோபரில் முதல் முறையாக மூன்றைத் தாண்டியது. மூன்றுதானா என்று சிரிக்கலாம்தான். ஆனால் ஒருவர் தனியாக ஆடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஸ்டீமில் நிறுவியவுடன் ஓடுகின்றன. எது ஓடும், எது ஓடாது என்று ஆடியவர்களே எழுதி வைக்கும் புரோட்டான்டிபி தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிறேன்.

ஓடாதவை எவை என்று பார்த்தால், அங்கேதான் உங்கள் துண்டறிக்கை வந்து நிற்கிறது. வேலரண்ட் ஓடாது. ஃபோர்ட்நைட் ஓடாது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பல ஆண்டுகள் வைனில் ஓடிக்கொண்டிருந்தது. 2024-இல் அதற்கும் வான்கார்டைச் சேர்த்தார்கள், நின்றுபோனது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஸ்டீம் டெக்கில் ஓடிக்கொண்டிருந்தது; 2024 அக்டோபர் 31 அன்று அதன் நிறுவனமே லினக்ஸை விலக்கியது. 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6-உம் இதே வரிசை. இவற்றில் எதற்கும் படம் வரைவதில் சிக்கல் இல்லை. ஏமாற்றுத் தடுப்பு நிரல் லினக்ஸை உள்ளே விடுவதில்லை, அவ்வளவுதான். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021-இலேயே புரோட்டானுக்கு வழி செய்துவிட்டன. விளையாட்டை உருவாக்கியவர் சரி என்று சொன்னால் போதும். வேடிக்கை என்னவென்றால் ஈஸி ஆன்டி-சீட் எபிக் நிறுவனத்துக்குச் சொந்தமானது. மற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்த எபிக், தன் ஃபோர்ட்நைட்டுக்குத் திறக்கவில்லை.

அவர்கள் சொல்லும் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். லினக்ஸில் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் அடிமையத்தை, யார் வேண்டுமானாலும் மாற்றித் தொகுத்துக்கொள்ளலாம். ஏமாற்று நிரல் அங்கே ஒளிந்துகொண்டால் மேலிருந்து தேடுபவருக்கு அகப்படாது. ஏமாற்றுக்காரர்கள் பெருகினால் ஒழுங்காக ஆடுபவர்கள் வெளியேறிவிடுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் தெருவில் ஒரு திருடன் திரிகிறான் என்பதற்காக எல்லா வீட்டுச் சாவிகளையும் காவலாளியிடம் கொடுத்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கெர்னலுக்குள் உட்காரும் அந்நிய நிரல் ஒன்று தடுமாறினால் என்னவாகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று பார்த்தோம். கிரௌட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான திருத்தத்தால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது விளையாட்டு சார்ந்த நிரல் அல்லதான். உட்கார்ந்திருந்த இடம் அதே இடம்.

சரி, பெருநிறுவனங்களுக்கு அவர்கள் பாடு. உங்களுக்கு எதற்கு இந்தக் கவலை? உலகம் முழுவதும் முகம் தெரியாதவர்கள் ஆடும் போட்டிக்குத்தான் கெர்னல்வரை போகும் காவல் தேவைப்படுகிறது. உங்கள் போட்டி உங்கள் ஆய்வகத்தில், உங்கள் கணினியில், ஒவ்வோர் ஆட்டக்காரர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு தன்னார்வலர் நிற்க நடக்கிறது. பென் டிரைவைச் சொருகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதற்காக ஆய்வகக் கணினிகளில் வான்கார்டு நிறுவி, அதை நிறுவுவதற்காக நிர்வாகக் கடவுச்சொல்லை மாணவர்களிடம் கொடுக்கிறீர்கள். கடவுச்சொல்லைக் கரும்பலகையிலேயே எழுதிப்போட்ட கல்லூரி ஒன்றும் உண்டு, பெயர் வேண்டாம். விழா முடிந்து வாரக்கணக்கில் அது அழிக்கப்படாமல் இருந்ததாகக் கேள்வி.

பதிலுக்கு எதை வைப்பது? கவுன்டர்-ஸ்டிரைக் 2 இருக்கிறது. 2023 செப்டம்பரில் வந்தது, இலவசம், லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட பதிப்பு உண்டு. வேலரண்டில் குறி பார்த்துச் சுடத் தெரிந்தவருக்கு இதைப் பழக அதிக நாள் ஆகாது. டோட்டா 2-வும் அப்படியே. சண்டை விளையாட்டு வேண்டுமென்றால் டெக்கன் 8, ஸ்டிரீட் ஃபைட்டர் 6 இரண்டும் புரோட்டானில் ஓடுகின்றன. ஆனால் அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், கிராபிக்ஸ் கார்டும் நன்றாக இருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டே இல்லாத ஆய்வகம் என்றால் சூப்பர்டக்ஸ்கார்ட் வையுங்கள். திறமூல விளையாட்டு, ஒரே அறைக்குள் வலையமைத்து ஆடலாம். குழந்தை விளையாட்டு என்று இறுதியாண்டு மாணவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டாம் சுற்றில் அவர்கள்தான் அதிகம் கத்துவார்கள். உத்தி விளையாட்டு பிடித்தவர்களுக்கு ஜீரோ ஏ.டி. இருக்கிறது. அதில் மௌரியர் படையை எடுத்துக்கொண்டு யானைகளை இறக்கலாம். வேலரண்ட் என்று போட்டால்தான் கூட்டம் வரும், விளம்பரதாரர் பணம் தருவார் என்று சங்கப் பொறுப்பாளர்கள் சொல்வார்கள். முதல் ஆண்டு கூட்டம் கொஞ்சம் குறையலாம். அதை நான் மறுக்கவில்லை.

இனி ஆடுவதை விட்டு ஆக்குவதற்கு வருகிறேன். போட்டிப் பட்டியலைத் திருத்தும்போதே விளையாட்டு உருவாக்கும் போட்டி ஒன்றையும் சேருங்கள்: ஓர் இரவு, ஒரு தலைப்பு, காலையில் ஆடக்கூடிய ஒன்று கையில் இருக்க வேண்டும். கருவி கோடோவாக இருக்கட்டும். அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் உருவாக்கி, 2014-இல் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்ட விளையாட்டு எந்திரம், அதாவது விளையாட்டு உருவாக்கும் மென்பொருள், அது. இறக்கும் கோப்பு ஜிபி கணக்கில் வராது, கணக்கு திறக்க வேண்டாம், உரிம எண் வேண்டாம். பென் டிரைவில் போட்டு அறை முழுக்கக் கொடுக்கலாம். பழைய கிராபிக்ஸ் கார்டுகளுக்கென்று படம் வரையத் தனி முறையும் வைத்திருக்கிறார்கள். படம் வரைய கிரீட்டா, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், ஒலிக்கு ஆடாசிட்டி. எல்லாம் லினக்ஸில் இருக்கின்றன, எதற்கும் காசு இல்லை.

பலரும் கற்கும் விளையாட்டு எந்திரமான யூனிட்டி ஏன் வேண்டாம் என்கிறேன் என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2023 செப்டம்பரில் நடந்ததை மாணவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கற்றுக்கொடுங்கள். குறிப்பிட்ட வருமானத்தையும் நிறுவல் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டுகள், இனி ஒவ்வொரு நிறுவலுக்கும் இருபது சென்ட் வரை கட்ட வேண்டும் என்று யூனிட்டி திடீரென்று அறிவித்தது. ஏற்கெனவே வெளிவந்துவிட்ட விளையாட்டுகளுக்கும் சேர்த்து. உலகெங்கும் எழுந்த கூச்சலில் பத்து நாளில் விதிகளைத் தளர்த்தினார்கள், அடுத்த மாதம் தலைமை நிர்வாகி விலகினார், ஓராண்டு கழித்துக் கட்டணத்தையே கைவிட்டார்கள். அந்தப் பத்து நாளில் பலர் கோடோவுக்கு நகர்ந்தார்கள். டெர்ரேரியா விளையாட்டை உருவாக்கிய ரீ-லாஜிக் நிறுவனம் கோடோவுக்கு ஒரு லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தது. தான் கட்டும் வீட்டின் மனை விதியை வேறொருவர் ஒரே இரவில் மாற்றலாம் என்பதை அந்த நிகழ்வு எல்லோருக்கும் காட்டிவிட்டது. வேலைவாய்ப்புக்கு யூனிட்டி, அன்ரியல் தேவை என்பது உண்மைதான். அந்த இரண்டின் எடிட்டர்களும் லினக்ஸில் ஓடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கோடோவில் முனை, காட்சி, நிகழ்வு ஆகியவற்றைப் புரிந்துகொண்டவர் மற்றவற்றுக்கு மாறுவது பெரிய வேலை அல்ல.

எனக்குக் கோடோவின் மீது பற்று வந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அதன் மூன்றாம் பதிப்பில் தமிழ் எழுதியவர்களுக்குத் தெரியும் அந்தக் கொடுமை. ‘கொ’ என்று தட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்காது. குறிகள் தட்டிய வரிசையிலேயே சிதறிக் கிடக்கும். ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தான் வைக்க வேண்டுமென்றால், அந்தச் சொல்லை வேறு மென்பொருளில் படமாக வரைந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டும். ஒரு பொத்தானுக்குச் செய்யலாம். நூறு வசனம் உள்ள கதைக்கு எப்படிச் செய்வது? அதனாலேயே நம் பிள்ளைகள் தமிழ்க் கதையை ஆங்கிலத்தில் எழுதினார்கள். 2023 மார்ச் 1 அன்று வந்த கோடோ 4, ஹார்ஃப்பஸ் என்ற திறமூல எழுத்து வடிவாக்கியைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிவது அதே ஹார்ஃப்பஸால்தான். இப்போது தமிழ் எழுத்துருவைச் சேர்த்து எழுதினால் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாக வைத்து வந்த வெண்பா என்ற விளையாட்டு, 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. டொராண்டோவிலிருந்து வரலாம் என்றால் நெல்லித்தோப்பிலிருந்தும் வரலாம். கடலூர் முதுநகர்த் துறைமுகமும், நெய்வேலிச் சுரங்கமும், தானே புயலும் கதைக்குக் குறைந்த களங்களா?

லினக்ஸில் ஆடுகிறவர்கள் குறைவு, அவர்களால் தொல்லைதான் அதிகம் என்று விளையாட்டு செய்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற விளையாட்டை உருவாக்கியவர் 2021-இல் தன் கணக்கை வெளியிட்டார். அது கோடோவில் செய்தது. வாங்கியவர்களில் லினக்ஸ்காரர்கள் 5.8 விழுக்காடு, வந்த பிழை அறிக்கைகளில் அவர்கள் அனுப்பியது 38 விழுக்காடு. முதல் பார்வைக்குத் தொல்லை போலத்தான் தெரியும். அவர்கள் அனுப்பிய ஏறத்தாழ 400 பிழைகளில் லினக்ஸுக்கு மட்டும் உரியவை மூன்றே மூன்று. மற்றவை எல்லாம் விண்டோஸ்காரர்களும் பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டவை. அதுவும் அறிக்கையோடு பதிவுக் கோப்பு, எப்படிச் செய்தால் பிழை மீண்டும் வரும் என்ற விளக்கம் எல்லாம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். சோதிப்பவருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத மாணவர் குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? கோடோவிலிருந்து லினக்ஸ் பதிப்பை எடுப்பது ஒரு பொத்தான் வேலைதான். அதைப் பராமரிக்க முடியாது என்று தோன்றினால் விண்டோஸ் பதிப்பை மட்டும் வெளியிட்டு, புரோட்டானில் ஒரு முறை ஓட்டிச் சரிபார்த்துவிடுங்கள். பத்தாண்டுக்கு முன் லினக்ஸுக்கென்று எழுதிப் பின் கைவிட்ட தனிப்பதிப்புகளைவிட, அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் ஒழுங்காக ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சிரமங்களையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், பிறகு ஆய்வக உதவியாளர் என்னைத் திட்டக்கூடாது. ஆர்எக்ஸ் 580 போன்ற ஏஎம்டி அட்டைகளுக்கு டிரைவர் லினக்ஸோடே வருகிறது. சொருகினால் வேலை முடிந்தது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ உள்ளிட்ட பாஸ்கல் தலைமுறை என்விடியா அட்டைகளுக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி. ஆகவே புதுப்பிக்கும்போது அதற்கு மேலே தாவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் பகிர்வில் ஏற்கெனவே இறக்கிவைத்த விளையாட்டுகளை அங்கிருந்தே லினக்ஸில் ஓட்டப் பார்க்காதீர்கள். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகைப் பகிர்வில் புரோட்டான் அடிக்கடி முரண்டு பிடிக்கும். சிறிய எஸ்எஸ்டி ஒன்றைத் தனியாகப் போட்டு அதில் லினக்ஸை நிறுவுவது நல்லது. பொது வேலைக்கும் பாடத்துக்கும் லினக்ஸ் மின்ட், விளையாட்டுக்கென்றே வைக்கும் கணினிக்கு பசைட் என்ற லினக்ஸ் பதிப்பு. இணைய வேகம் போதாது என்று பயப்பட வேண்டாம். ஒரு கணினியில் இறக்கிவிட்டால் மற்றவை வெளியே போகாமல் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும் வசதியை ஸ்டீம் 2023-இல் கொடுத்துவிட்டது. ஆய்வகத்தின் கேபிள் வலையில் பல பத்து ஜிபி உள்ள விளையாட்டும் சீக்கிரம் பரவிவிடும். வைஃபையில் முயற்சி செய்து என்னைத் தேடாதீர்கள்.

ஆள் உதவிக்கும் பஞ்சம் இல்லை. விழுப்புரத்தின் குனு/லினக்ஸ் பயனர் குழு ஊரகப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்காக இலவச வகுப்பு நடத்திவருகிறது. புதுவையில் கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கம் இருக்கிறது. உங்கள் மாணவர்களில் சிலர் அங்கே போய்க்கொண்டிருப்பார்கள். விழாக் குழுவில் அவர்களைச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சிம்போசியத் துண்டறிக்கை அச்சுக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பே விளையாட்டுப் பட்டியலை முடிவு செய்து அறிவித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் அறிவித்தால் பயிற்சி எடுக்கப் பிள்ளைகளுக்கு நேரம் இருக்காது, பழைய பட்டியலே மேல் என்பார்கள். ஆய்வகக் கணினி ஒன்றை மாதிரிக்கு மாற்றிப் பார்க்க நினைப்பவர்கள் எஸ்எஸ்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு சொல்லியனுப்பினால், கடை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிறுவித் தருகிறேன். கூலி வேண்டாம். பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் போதும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.